ஜப்பானிய பைக்கின் திருகும் அதற்குரிய திருப்புளியும்

பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலை பேசப் போகிறவர், டேங்கின் பளபளப்பையும் சைலன்சரின் சத்தத்தையும் கவனிப்பதற்கு முன், என்ஜினின் வலப்பக்கம் குனிந்து கிளட்ச் கவரின் திருகுத் தலைகளைப் பார்ப்பது நல்லது. சிலுவைக் குழிகள் ஓரம் மழுங்காமல் நின்றால், அந்த வண்டியைத் தொட்டவர்கள் வேலை தெரிந்தவர்கள் என்று நம்பலாம். குழி வட்டமாக அரைபட்டு, தலையின் விளிம்பில் உளி பாய்ந்த வடு இருந்தால், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளும் ஆயில் பம்பும் அதே அவசரக் கையால் கழற்றி மாட்டப்பட்டவை என்று எண்ண இடமுண்டு. 1969-ல் வந்த ஹோண்டா சிபி750, 1972-ன் கவாஸாகி இசட்1, 1973-ன் யமஹா ஆர்டி350 தொடங்கி, இந்தியச் சாலைகளில் 1985 முதல் ஓடிய ஆர்எக்ஸ்100 வரை எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

இப்படி அரைபட்ட தலைகளுக்குப் பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ஜப்பானியத் திருகுகள் மட்டமான மென்இரும்பால் செய்யப்பட்டவை என்பது. அந்தத் திருகுகள் மிகக் கடினமான எஃகு அல்ல என்பது உண்மைதான். ஆனால், அவை செய்ய வேண்டிய வேலைக்குப் போதுமான வலிமை அவற்றில் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு சேதமும் இல்லாமல் பூட்டப்பட்ட திருகு, நாற்பது ஆண்டுகள் கழித்துக் கழற்றும்போது சிதைகிறது என்றால், இடையில் மாறியது எது என்று கேட்க வேண்டும். மாறியவை மூன்று: திருப்புளி முனையின் வடிவம், அதன் அளவு, மரைக்குள் (திருகின் சுருள் வெட்டுக்குள்) படிந்துவிட்ட அரிப்பு. முதல் இரண்டையும் சரியான கருவியை வாங்குவதன் மூலமே தீர்த்துவிடலாம். மூன்றாவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

சிலுவைக் குழித் திருகு பிறந்தது அமெரிக்காவில். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜான் தாம்ப்சனின் யோசனையை வாங்கி மேம்படுத்திய ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் அதற்குக் காப்புரிமைகள் பெற்றார். அமெரிக்கன் ஸ்க்ரூ நிறுவனம் அதைத் தயாரித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் முதலில் பயன்படுத்தியது. ஒற்றைக் கோடு வெட்டிய பழைய திருகில் திருப்புளி பக்கவாட்டில் வழுக்கும்; தொழிலாளி அதைக் கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டும். சிலுவைக் குழியிலோ முனை தானாகவே மையத்தில் உட்கார்ந்துகொள்ளும். மோட்டாரால் இயங்கும் திருப்புளிகள் அசெம்பிளி வரிசைக்கு வந்த காலத்தில் இது பெரிய வசதி. அளவுக்கு மேல் முறுக்கினால் முனை தானே குழியிலிருந்து ஏறி வெளியே வந்துவிடும்படி திட்டமிட்டே பிலிப்ஸ் திருகு வடிவமைக்கப்பட்டது என்ற கதை பரவலாக உண்டு. முதல் காப்புரிமைகளில் அப்படி ஒரு நோக்கம் குறிப்பிடப்படவில்லை. 1949-ல் பதிவான ஒரு திருத்திய வடிவத்தின் காப்புரிமையில்தான் அது வருகிறது. திட்டமிட்டதோ இல்லையோ, பிலிப்ஸ் முனை ஏறி வெளியேறும் என்பது மட்டும் கையில் திருப்புளி பிடித்த எவருக்கும் தெரிந்ததே.

ஜப்பானிய மோட்டார் தொழிலில் சிலுவைத் திருகு பரவியதற்கு சோய்ச்சிரோ ஹோண்டாவின் 1950களின் ஐரோப்பியப் பயணம் ஒன்று காரணம் என்று அந்நாட்டில் சொல்லப்படுகிறது. ஒரு தொழிற்சாலையில் கண்ட திருகை அவர் எடுத்து வந்தார் என்பது கதை. கதையின் விவரங்கள் எப்படியிருந்தாலும், அதன் பின்னுள்ள பொருளாதாரம் தெளிவானது. 1960-ல் தொடங்கிய ஹோண்டாவின் சுசூகா ஆலை, மாதத்துக்கு 30,000 சூப்பர் கப் வண்டிகள் செய்யும் திட்டத்தோடு கட்டப்பட்டது. அந்த வேகத்தில் ஒவ்வொரு கவருக்கும் பத்துப் பன்னிரண்டு திருகுகளைக் காற்றழுத்தத் திருப்புளியால் நொடிகளில் பூட்ட வேண்டும் என்றால், மலிவானதும் தானே மையம் கொள்வதுமான சிலுவைக் குழித் திருகைவிடப் பொருத்தமான ஒன்று அன்று இல்லை. சுசூகியும் யமஹாவும் கவாஸாகியும் இதே வழியில் சென்றன. ஆகவே 1960 முதல் 1980களின் முற்பகுதி வரையான ஜப்பானிய வண்டிகளில் என்ஜின் கவர், கார்புரேட்டர், தீப்பொறியின் நேரத்தை அமைக்கும் பாயிண்ட் தட்டு, விளக்கின் வளையம், சுவிட்ச் பெட்டி என்று எங்கு பார்த்தாலும் சிலுவைத் திருகே கண்ணில் படும்.

ஆனால் ஜப்பானியர்கள் தங்கள் தொழில் தரமான ஜே.ஐ.எஸ்.-ல் வகுத்துக்கொண்ட சிலுவை, பிலிப்ஸ் சிலுவையின் அச்சுப் பிரதி அல்ல. வேறுபாடு மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் இருப்பதால் சட்டென்று கண்ணுக்குப் புலப்படாது. பிலிப்ஸ் முனையின் நான்கு இதழ்களும் நுனியை நோக்கிக் கூடுதலாகச் சரிந்து மெலிகின்றன. இதழுக்கும் இதழுக்கும் இடையிலுள்ள உள்மூலை அகலமான வளைவாக இருக்கிறது. ஜப்பானிய முனையில் அந்த உள்மூலை இறுக்கமானது. இதழ்களின் பக்கச் சுவர்கள் நேராக நிற்கின்றன. நுனி சற்றுத் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. இதன் விளைவாக, பிலிப்ஸ் முனையை ஜப்பானியக் குழிக்குள் வைத்தால், அகன்ற உள்மூலைகள் குழியின் மூலைகளில் முதலில் தட்டி நின்றுவிடும். இதழ்கள் முழு ஆழத்துக்கு இறங்குவதில்லை. திருப்பும் விசை முழுவதையும் இதழின் பரந்த முகம் தாங்குவதற்குப் பதிலாக, மேல் விளிம்பின் ஒரு குறுகிய கோடு தாங்குகிறது. அந்தக் கோடுதான் முதலில் நசுங்குகிறது.

அரைபட்ட ஒரு திருகை உருப்பெருக்கியில் பார்த்தால் நடந்தது விளங்கும். கழற்றும் திசையில் அழுத்தம் வாங்கிய நான்கு சுவர்களிலும் உலோகம் மேல்நோக்கி உருண்டு, மெல்லிய சுருளாக விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பூட்டும் திசைச் சுவர்கள் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். பூட்டியபோது பொருந்திய கருவி, கழற்றியபோது பொருந்தவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. எதிர்த்திசையில் சிக்கல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்: ஜப்பானிய முனை சாதாரண பிலிப்ஸ் திருகுகளில் நன்றாகவே உட்காரும். எனவே பழைய வண்டி வைத்திருப்பவர் ஒரே ஒரு செட் திருப்புளிதான் வாங்க முடியும் என்றால், அது ஜப்பானிய முனை கொண்டதாக இருக்கட்டும்.

வடிவப் பொருத்தத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கழற்றிய நல்ல திருகு ஒன்றை முனையில் செருகி, திருப்புளியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். காந்தம் இல்லாத முனையிலும் திருகு விழாமல் நேராக நின்று, விரலால் அசைத்தால் ஆட்டம் தெரியாமல் இருந்தால் அது பொருத்தமான முனை. தலை தொங்கிச் சாய்ந்தால், முனையில் என்ன எழுதியிருந்தாலும் அது இந்தத் திருகுக்கு உரியதல்ல. முனையில் என்ன எழுதியிருந்தாலும் என்று சொல்வதற்குக் காரணம், பிற்காலத்தில் ஜப்பானியத் தரமும் பன்னாட்டு ஐ.எஸ்.ஓ. தரமும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. இன்று விற்கும் பல திருப்புளிகளின் பெயர்ச்சீட்டு, முனையின் உண்மையான வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஒசாகாவில் 1916 முதல் இயங்கும் வெசல், அதே நாட்டைச் சேர்ந்த ஹோசான் போன்ற நிறுவனங்களின் முனைகள் பழைய வண்டிக்காரர்களிடையே நம்பிக்கை பெற்றிருப்பது இந்தப் பொருத்தத்தினால்தான். ஐரோப்பிய மரவேலைச் செட்டுகளில் வரும் போசிட்ரிவ் முனையை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். சிலுவைக்கு இடையில் நான்கு மெல்லிய கூடுதல் கீற்றுகள் கொண்ட அந்த முனை ஜப்பானியக் குழியில் பாதி ஆழம்கூட இறங்காது.

திருகுத் தலையில் சிலுவைக்குப் பக்கத்தில் காணப்படும் சிறு புள்ளியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. புள்ளி இருந்தால் அது ஜே.ஐ.எஸ். குழி, இல்லாவிட்டால் பிலிப்ஸ் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தப் புள்ளி குழியைப் பற்றிப் பேசவில்லை. மரையைப் பற்றிப் பேசுகிறது. 1960களின் பிற்பகுதி வரை ஜப்பானியச் சிறு திருகுகளின் மரை இடைவெளி (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) வேறாக இருந்தது. 3 மி.மீ. திருகுக்கு 0.6 மி.மீ., 4 மி.மீ.க்கு 0.75, 5 மி.மீ.க்கு 0.9 என்று இருந்த இடைவெளிகள், பன்னாட்டுத் தரத்துக்கு மாறியபோது முறையே 0.5, 0.7, 0.8 ஆயின. பழையதும் புதியதும் ஒரே கிடங்கில் கலந்து கிடந்த காலத்தில், புதிய மரையை அடையாளம் காட்டவே தலையில் புள்ளி குத்தினார்கள். 6 மி.மீ. திருகில் இடைவெளி 1.0 என்பது மாறவில்லை.

இது வரலாற்றுத் துணுக்கு மட்டுமல்ல. 1960களின் ஹோண்டா சிபி72, சிபி77 போன்ற வண்டிகளை மீட்டெடுப்பவர், கடையில் வாங்கிய இன்றைய 5 மி.மீ. திருகை அதன் துளையில் செலுத்தினால், இரண்டு மூன்று சுற்று இலகுவாகப் போய்ப் பிறகு இறுகும். துளையில் அழுக்கு இருப்பதாக நினைத்துச் திருப்புளியை அழுத்தித் திருப்பினால், அலுமினியத்தின் பழைய மரை அழிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தத் திருகும் அங்கே நிற்காது. அந்தக் காலத்து வண்டியில் 3, 4, 5 மி.மீ. திருகுகள் ஒன்றையும் தூக்கி எறியக் கூடாது. புதிதாக வாங்குவதற்கு முன் மரை அளவுகோலை வைத்துப் பார்த்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால், பழைய திருகையும் புதிய திருகையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே போதும், இடைவெளி ஒத்துப்போகாதது தெரிந்துவிடும்.

வடிவத்துக்கு அடுத்தது அளவு. என் கணிப்பில், வடிவம் தவறுவதால் கெட்ட திருகுகளைவிட அளவு தவறுவதால் கெட்டவையே அதிகம். வீட்டிலும் பட்டறையிலும் எளிதில் கைக்கு வரும் ஸ்டார் திருப்புளி எண் 2 அளவுடையது. அது 3 முதல் 5 மி.மீ. வரையான திருகுகளுக்கு உரியது: கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம், சுவிட்ச் பெட்டி, பாயிண்ட் தட்டு. ஆனால் கிளட்ச் கவர், மேக்னட் கவர் ஆகியவற்றைப் பிடித்திருப்பவை 6 மி.மீ. திருகுகள்; அவற்றுக்கு வேண்டியது எண் 3. எண் 2 முனையும் அந்தக் குழிக்குள் போகும், ஓரளவு பிடிப்பது போலவும் தோன்றும், இலகுவான திருகாக இருந்தால் கழற்றியும் விடும். இறுகிய திருகில்தான் அது குழியை அரைத்துவிடுகிறது. எண் 3 திருப்புளி தடித்த கழுத்தும் பெரிய கைப்பிடியும் உடையது. உள்ளங்கைக்கு அதிக நெம்பு கிடைப்பதால் அதனாலேயே பாதிச் சிக்கல் தீரும். மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் மிகச் சிறிய திருகுகளுக்கு எண் 1 வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஒரு வண்டியை முழுவதும் கழற்றலாம்.

வாங்கும்போது, முனையின் எஃகுக் கம்பி கைப்பிடியின் அடி வரை ஊடுருவிச் சென்று, பின்புறம் உலோகத் தொப்பியாக முடிகிற வகையைத் தேர்ந்தெடுங்கள். சுத்தியலால் தட்டினால் அந்த அடி நேராகத் திருகுக்குப் போகும். கைப்பிடிக்குக் கீழே கம்பியில் அறுகோணக் கழுத்து இருந்தால், ஸ்பானர் போட்டுத் திருப்பவும் வசதி. வெசலின் இம்பாக்டா வகையில் இன்னும் ஒரு படி மேலே போய், பின்புறம் தட்டும் ஒவ்வோர் அடிக்கும் முனை தானாகவே கழற்றும் திசையில் சில பாகை சுழலும்படி செய்திருக்கிறார்கள். கார்புரேட்டர் போன்ற மென்மையான இடங்களில் சிறு தட்டல்களால் வேலையை முடிக்க இது மிகவும் உதவும். மழுங்கிய முனையைத் தீட்டிச் சரிசெய்யலாம் என்று எண்ண வேண்டாம். ஓரம் உருண்ட முனை அடுத்த நல்ல திருகையும் கெடுக்கும், அதை மாற்றுவதுதான் சிக்கனம்.

இனி அரிப்பைப் பற்றி. அலுமினியக் கவருக்குள் இரும்புத் திருகு இருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். வெள்ளைப் பொடியாக அலுமினிய ஆக்சைடு மரைக்குள் நிரம்பி, தன் பருமனால் திருகை இறுக்குகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை விரைவுபடுத்தும் என்பதை நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்படி இறுகிய திருகில் திருப்புளியை வைத்து நேராக முறுக்கத் தொடங்குவதே முதல் பிழை. குழிக்குள் படிந்த மண், பெயிண்ட், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் கூரான ஊசியால் சுரண்டி எடுங்கள். குழியின் அடியில் அரை மில்லிமீட்டர் மண் இருந்தாலும் முனை முழு ஆழத்துக்கு இறங்காது. ஊடுருவும் எண்ணெயைத் தலையைச் சுற்றி விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள், முனையைக் குழியில் வைத்துச் சுத்தியலால் நேர்கீழாக இரண்டு மூன்று முறை உறுதியாகத் தட்டுங்கள். இந்தத் தட்டு முனையைக் குழியின் அடிவரை இறக்குவதோடு, மரையில் பற்றியிருக்கும் அரிப்பின் பிடியையும் தளர்த்துகிறது. அதன் பிறகு உடலின் எடையை நேராகக் கீழே கொடுத்தபடி திருப்ப வேண்டும். விசையில் பெரும்பங்கு அழுத்துவதற்கும் சிறுபங்கு திருப்புவதற்கும் போக வேண்டும்.

இதற்கும் அசையாவிட்டால், கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர். அதன் உடலுக்குள் சாய்வான தடம் ஒன்று இருக்கிறது. பின்புறம் விழும் சுத்தியல் அடி முனையைக் கீழே அழுத்தும் அதே கணத்தில் சில பாகை திருப்பியும் விடுகிறது. அழுத்தமும் திருப்பமும் ஒரே நொடியில் சேர்வதால் முனை ஏறி வெளியேற அவகாசமே இல்லை. அதில் மாட்டும் முனை எண் 3 ஆகவும் ஜப்பானிய வடிவமாகவும் இருக்க வேண்டும்; பெட்டியோடு வரும் முனைகள் பெரும்பாலும் பிலிப்ஸ்தான் என்பதால் தனியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திசை கழற்றும் பக்கம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று அடிப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஒரு பலத்த அடி பத்து மெல்லிய அடிகளைவிட நல்லது. கார்புரேட்டர் மேலும், மெல்லிய தாங்கிகள் மேலும் இந்தக் கருவியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வார்ப்பு உலோகம் விரிசல் விட்டுவிடும்.

சூடும் துணை செய்யும். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவடைகிறது. ஆகவே கவரைச் சூடேற்றினால் துளை திருகைவிடச் சற்றே அகலும். கியர் ஷிப்ட் டிரம்மின் பேரிங்கைப் பிடிக்கும் தகடு போன்ற உள்பாகங்களில், சாய்தலைத் திருகுகளைப் பசை போட்டு அல்லது விளிம்பில் குத்திப் பூட்டியிருப்பார்கள். அங்கே சூடேற்றாமல் முயல்வதே வீண். ஹீட் கன் போதும். பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் முன்னதாகக் கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், தீச்சுவாலை வேண்டாம்.

ஏற்கெனவே அரைபட்ட தலையையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். உருண்டு எழுந்த உலோகத்தை உருண்டை முனைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் குழிக்குள் திரும்பத் தள்ளி, அதன்மேல் சரியான முனையை வைத்து அடித்து இறக்கினால் குழி புதிதாக அச்செடுத்ததுபோல் உருப்பெறும். வால்வு அரைக்கும் பசையைச் சிறிது முனையில் தடவுவதும் பிடிப்பைக் கூட்டும். தலை வெளியே நீட்டியிருந்தால், பற்கள் செங்குத்தாக வெட்டப்பட்ட திருகு பிடிக்கும் குறடு அல்லது வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பலாம். எதுவும் பலிக்காதபோது தலையைத் துளையிட்டு எடுப்பதுதான் வழி. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை: சிலுவைக் குழியே துளைக் கம்பியை மையத்தில் வைத்திருக்கும், 6 மி.மீ. திருகுக்கு 6 மி.மீ. கம்பியால் துளையிட்டால் தலை தனியே கழன்று வந்துவிடும். மற்ற திருகுகளையும் எடுத்துக் கவரை இழுத்த பிறகு, மீந்த தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலையின் இழுவிசை போய்விட்டதால், அந்தத் தண்டு பல வேளைகளில் விரலாலேயே சுழலும். உளியால் விளிம்பை அடித்துத் திருப்புவது நம் பட்டறைகளில் முதல் வழியாக இருக்கிறது. அது கடைசி வழியாக இருக்க வேண்டும். உளி சறுக்கிக் கவரில் விழும் வெட்டை எந்தப் பாலிஷும் மறைக்காது.

கார்புரேட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேஹின் தயாரிப்போ மிக்குனி தயாரிப்போ எதுவானாலும், மிதவைக் கிண்ணத்தின் 4 அல்லது 5 மி.மீ. திருகுகளுக்கு எண் 2 ஜப்பானிய முனையே உரியது. உள்ளே பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டுகள் வேறு வகை. அவற்றில் ஒற்றைக் கோடு வெட்டப்பட்டிருக்கும்; சாதாரணத் தட்டைத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் சரிந்திருப்பதால், கோட்டின் மேல் விளிம்பை மட்டுமே தொட்டுப் பித்தளையைப் பிளந்துவிடும். இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாகத் தீட்டப்பட்டு, கோட்டின் அகலத்தையும் தடிப்பையும் முழுமையாக நிரப்பும் முனைதான் இங்கே வேண்டும். ஆழமான குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் பைலட் ஜெட்டுக்கு, பக்கச் சுவரில் உரசாத மெல்லிய கழுத்தும் தேவை. பட்டாம்பூச்சி வால்வைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு திருகுகளைத் தக்க காரணம் இல்லாமல் தொடவே வேண்டாம். அவை கழன்றுவிடாதபடி அவற்றின் மறுமுனை தொழிற்சாலையில் நசுக்கி விரிக்கப்பட்டிருக்கும். வலுவில் கழற்றினால் தண்டின் மரை கெடும், திரும்பப் பூட்டியது தளர்ந்தால் திருகு நேராக என்ஜினுக்குள் விழும்.

கழற்றியதைத் திரும்பப் போடும்போதுதான் கருத்து வேறுபாடுகள் தொடங்குகின்றன. சிலுவைத் திருகுகளை எல்லாம் எறிந்துவிட்டு தலையில் அறுகோணக் குழி கொண்ட ஆலன் போல்ட் செட் போடுவது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அடிக்கடி திறக்கும் கிளட்ச் கவருக்கு அது நியாயமான தீர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இலவசமாக வருவதில்லை. ஹோண்டா கையேடுகள் 6 மி.மீ. திருகுக்குச் சுமார் 9 நியூட்டன் மீட்டரும் 5 மி.மீ.க்குச் சுமார் 4 நியூட்டன் மீட்டரும் முறுக்கு அளவாகச் சொல்கின்றன. 12.9 தரமுடைய 6 மி.மீ. ஆலன் போல்ட் எஃகுக்குள் 16 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். அலுமினிய மரையால் அதைத் தாங்க முடியாது. ஐந்து மி.மீ. ஆலன் கீயின் நீண்ட கையைப் பிடித்து, திருப்புளிக்குப் பழகிய அதே பலத்தைக் கொடுத்தால், போல்ட் ஒன்றும் ஆகாமல் இருக்க, என்ஜின் உறையின் மரை உரிந்து வரும். பழைய திருகின் தலை அரைபடுவது ஒரு திருகின் நட்டம். உறையின் மரை போவது என்ஜினின் நட்டம். ஆலன் போடுகிறவர் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சும் சேர்த்து வாங்கட்டும், அல்லது கீயின் குட்டைக் கையை விரல்களால் பிடித்து இறுக்கப் பழகட்டும்.

துருப்பிடிக்காத எஃகு ஆலன் போல்ட்டுகள் பார்க்க அழகாக இருக்கும். அவற்றில் துத்தநாக முலாம் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். முலாம் பூசிய இரும்புத் திருகில் முதலில் அரிபடுவது துத்தநாகம். துருப்பிடிக்காத எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையே ஈரம் நின்றால் அரிபடுவது அலுமினியம். மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை மரையில் மெல்லியதாகத் தடவித்தான் அவற்றைப் பூட்ட வேண்டும். பசை வழுக்குவதால் அதே முறுக்கில் இழுவிசை கூடும், ஆகவே முறுக்கையும் ஓரளவு குறைக்க வேண்டும். ஆலன் தலையின் குழியில் மழைநீரும் மண்ணும் தேங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வண்டி எந்த உருவில் ஆலையை விட்டு வந்ததோ அந்த உருவில் வைத்திருக்க விரும்புகிறவருக்கு, ஜப்பானியச் சிலுவைத் திருகுகளைப் புதிதாக வாங்கிச் சரியான எண் 3 முனையால் பூட்டுவதே முறை. அப்படிப் பூட்டிய கவரை ஆண்டுதோறும் திறந்து மூடினாலும் தலை கெடாது.

இந்தியாவில் இந்தச் செய்திக்கு இன்னொரு முகம் உண்டு. ஓசூரில் 1984-ல் தொடங்கிய இந்த்-சுசூகி, எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ்100 ஆகியவை ஜப்பானிய வடிவமைப்பில் பிறந்தவை. ஆரம்பத்தில் பல பாகங்கள் ஜப்பானிலிருந்தே வந்தன. நாற்பது ஆண்டுகளில் இவற்றின் மூலத் திருகுகள் பல காணாமல் போய், கடைத்தெருத் திருகுகள் அந்த இடத்துக்கு வந்திருக்கும். ஒரே கவரில் இரண்டு மூன்று வகைக் குழிகள் கலந்திருப்பது சாதாரணம். ஆகவே ஒவ்வொரு திருகையும் தனித்தனியாகப் பார்த்து முனையைப் பொருத்த வேண்டும். ஒன்றில் சரியாக உட்கார்ந்த முனை அடுத்ததிலும் உட்காரும் என்று கொள்ள முடியாது. இலங்கையில் இன்றும் ஓடும் ஹோண்டா எம்டி90 வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

கலந்து போட்டதால் வரும் பெரிய கேடு நீளத்தில்தான் இருக்கிறது. ஒரு கிளட்ச் கவரிலேயே மூன்று நான்கு நீளங்களில் திருகுகள் இருக்கும். அடி மூடிய துளையில் நீளமான திருகைப் போட்டால், அது அடியில் முட்டி நிற்கும். தலை இறுகியதுபோல் தோன்றும், கவரோ இறுகியிருக்காது, ஆயில் கசியும். இன்னும் அழுத்தினால் துளையின் அடி பிளக்கும். குட்டையான திருகு இரண்டு மூன்று மரையை மட்டும் பிடித்து அவற்றை உரித்துவிடும். அலுமினியத்துக்குள் 6 மி.மீ. திருகு குறைந்தது 9 மி.மீ., முடிந்தால் 12 மி.மீ. ஆழம் இறங்கிப் பிடிக்க வேண்டும். கழற்றும்போதே ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்தத் திருகைக் குத்தி வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. முந்தையவர் ஏற்கெனவே குழப்பியிருந்தால், கேஸ்கெட் இல்லாமல் கவரை வைத்து, ஒவ்வொரு திருகையும் துளையில் தளர்வாக இறக்கிப் பாருங்கள்: திருப்பத் தொடங்கும் முன் எல்லாத் தலைகளும் கவருக்கு மேல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் அது இடம் மாறிய திருகு.

மரை போய்விட்ட துளைக்கு, அடுத்த பெரிய அளவில் மரை வெட்டிப் பெரிய திருகு போடுவது பழைய பட்டறை வழக்கம். கவரின் துளையையும் சேர்த்து அகலப்படுத்த வேண்டியிருப்பதால் அது நல்ல தீர்வு அல்ல. ஹெலிகாயில் எனப்படும் கம்பிச் சுருள் மரையே சரியானது: 6 மி.மீ. துளையை 6.3 மி.மீ. கம்பியால் அகலப்படுத்தி, அதற்கென்றே வரும் டேப்பால் மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுச் சுருளைச் செலுத்தினால், மூல அளவுத் திருகையே மீண்டும் போடலாம். முந்தைய அலுமினிய மரையைவிட அது உறுதியாகவும் இருக்கும். டேப்பை நேர்செங்குத்தாகப் பிடிப்பதுதான் இதில் கடினமான பகுதி. கவரையே வழிகாட்டியாக மேலே பொருத்திக்கொள்ளலாம். அல்லது துளை போட்ட தடித்த மரக்கட்டை ஒன்றின் வழியாக டேப்பை இறக்கலாம். அலுமினியத் தூள் என்ஜினுக்குள் விழாதபடி, டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று செல்ல வேண்டும். சுருளைச் செலுத்திய பின் அதன் அடியில் இருக்கும் சிறு நாக்கை ஒடித்து, காந்தத்தாலோ இடுக்கியாலோ வெளியே எடுத்த பிறகே திருகைப் போட வேண்டும்.